பழைய மாடல் ரயில் என்ஜின்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

ஓடாமல் நின்றுபோன ஓஓ அளவு (1:76) என்ஜினைக் கையில் வைத்து யோசிக்கிறீர்களா? முதலில் சக்கரங்களையும் தண்டவாளத்தையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பாதி நோய் அழுக்குதான்.

செலவு
பழுது: கார்பன் பிரஷ், ஸ்பிரிங், ரப்பர் டயர் எல்லாம் சின்னச் செலவு.
புதிது: அதைப்போலப் பல மடங்கு.

வேலை
பழுது: ட்ரையாங் என்ற பழைய பிரிட்டிஷ் நிறுவனக் காலத்து எக்ஸ்04 மோட்டாரை வீட்டிலேயே பிரிக்கலாம். பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைத் துடைத்து, அதன் இடுக்கில் சேர்ந்த கரித்தூளை எடுத்து, பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே பல என்ஜின்கள் மறுபடி ஓடும். எண்ணெய் கூடினால் பிரஷ் கெடும், கவனம். உலோக உறைக்குள் மூடிய கேன் மோட்டார் என்றால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.
புதிது: பெட்டியைப் பிரித்து ஓட்ட வேண்டியதுதான்.

ஆயுள்
நன்றாகப் பராமரித்தால் பழையது ஐம்பது ஆண்டு தாண்டியும் ஓடும். ஆனால் சேஸிஸின் துத்தநாகக் கலவை உப்பி விரிசல் விட்டிருந்தால் அதற்கு மருந்தே இல்லை.

டிசிசி
இது ஒவ்வொரு என்ஜினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை.
பழையது: மோட்டாரைத் தண்டவாள மின்சாரத்திலிருந்து பிரித்து, டிஜிட்டல் கட்டளையைப் படிக்கும் டிகோடரைச் சால்டர் செய்ய வேண்டும்.
புதிது: பெரும்பாலும் சாக்கெட்டில் செருகினால் போதும்.

சரி, சாதாரண 12 வோல்ட் டிசியில் (நேர்மின்னோட்டத்தில்) ஓட்டுபவர்கள் பழுதே பாருங்கள். டிசிசிக்கு மாறுபவர்களும் சேஸிஸ் விரிசல் விட்ட என்ஜின் வைத்திருப்பவர்களும் வேறு வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் ஓடவிட்டுப் பார்த்த பிறகு. பழையதை எறிந்துவிடாதீர்கள், உதிரிபாகத்துக்கு ஆகும்.