பொக்லைன் அருகே அதிரும் தலைக்கவசம்: ஐந்து மாத அனுபவம்

எங்கள் கட்டுமானத் தளத்தில் அடித்தளக் குழி தோண்டத் தொடங்கியதிலிருந்து, தலைக்கவசத்தின் பின்புறம் பொருத்தும் எச்சரிக்கைக் கருவியை ஐந்து மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். பாதுகாப்பு அலுவலர் என்ற முறையில் அதன் பதிவுகளை நாள்தோறும் படிப்பவன் நான். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கருவி தீப்பெட்டி அளவே இருக்கும். அதன் இணை பொக்லைனிலும் டிப்பர் லாரியிலும் பொருத்தப்படுகிறது. இரண்டும் ரேடியோ துடிப்புகளைப் பரிமாறி, அவை சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு இடைவெளியைக் கணக்கிடுகின்றன. குறித்த எல்லைக்குள் ஆள் வந்தால் தலைக்கவசம் அதிரும்; ஓட்டுநரின் அறையில் சிவப்பு விளக்கு எரிந்து ஒலியும் எழும். இதற்கு முன் சோதித்த ப்ளூடூத் கருவி சிக்னலின் வலிமையை வைத்து மட்டுமே தூரத்தைக் கணித்ததால், குறுக்கே ஒருவர் நின்றாலும் கம்பிக்கட்டு இருந்தாலும் கணக்கு பிசகியது. இதில் அந்தக் குறை பெரும்பாலும் இல்லை.

இரண்டாம் மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பொக்லைன் கவிழாமலிருக்கப் பின்புறம் வைத்திருக்கும் கனமான எதிர்எடை ஓட்டுநரின் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கிறது. சக்கரப்பட்டை நகராமல் மேற்பகுதி மட்டும் சுழலும்போது, அருகில் நிற்பவரை அது மண்சுவரோடு சேர்த்து நசுக்கிவிடக்கூடும். எங்கள் இயந்திரத்தின் அலாரம் வண்டி நகர்ந்தால்தான் ஒலிக்கும், சுழன்றால் ஒலிக்காது. அன்று கம்பி கட்டும் தொழிலாளி ஒருவர், கீழே விழுந்த கட்டுக்கம்பிச் சுருளை எடுக்க அந்த எதிர்எடைக்குப் பின்னால் குனிந்திருந்தார். அறையில் விளக்கு எரிந்ததும் ஓட்டுநர் இயக்கும் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்தத் தொழிலாளி சுருளோடு நிமிர்ந்து நின்றதை நான் மேலிருந்து பார்த்தேன். சிறிது நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

ஆனாலும் இந்தக் கருவியின் பெரிய பயன் அதன் பதிவுகளில்தான் இருக்கிறது என்பேன். மூன்று வாரப் பதிவுகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, எச்சரிக்கைகளில் பெரும்பகுதி ஒரே மூலையில் குவிந்திருந்தது. நேரில் போய்ப் பார்த்தால், குடிநீர்த் தொட்டிக்குச் செல்ல எல்லோரும் டிப்பர் திரும்பும் இடத்தைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். தொட்டியை மறுபக்கம் மாற்றித் தடுப்பு கட்டினோம். அந்த மூலையில் எச்சரிக்கை ஏறக்குறைய நின்றுபோனது. யாரையும் திட்டாமல், எந்தச் சுற்றறிக்கையும் அனுப்பாமல் இது முடிந்தது.

விழுவதைக் கண்டறியும் வசதியை மட்டும் என்னால் பரிந்துரைக்க முடியாது. தடையின்றி விழும் பொருளில் முடுக்கமானி (அசைவையும் மோதலையும் அளக்கும் உணரி) ஏறக்குறைய சுழியம் காட்டும், தரையில் மோதியதும் திடீரென உயரும். இதை வைத்தே அலாரம் எழுகிறது. கையிலிருந்து நழுவிய தலைக்கவசமும் அப்படியே விழுந்து, பிறகு அசைவற்றும் கிடக்கிறது. முதல் இரண்டு வாரங்களில் வந்த பொய் அலாரங்களால் மேற்பார்வையாளர்கள் திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். தாடைப் பட்டை பூட்டியிருக்கிறதா என்று உணரும் ஒரு சிறு தொடுமுனை இருந்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்திருக்கலாம். இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. மணல் மூட்டையில் கருவியைப் பொருத்தி, பாதுகாப்பு பெல்ட்டில் கட்டிச் சாரத்திலிருந்து தள்ளிப் பார்த்தோம். குறுகிய தூரத்திலேயே கயிறு பிடித்துக்கொண்டதால் அலாரம் வரவேயில்லை. பெல்ட்டில் அசைவின்றித் தொங்குபவரின் கால்களில் இரத்தம் தேங்கும் என்பதால் அவரை நிமிடங்களில் இறக்கியாக வேண்டும். அந்த நேரத்தில் கருவி மௌனமாக இருப்பது மிகவும் கவலைக்குரியது.

பேட்டரி ஒரு ஷிப்டுக்குத் தாங்குகிறது. சார்ஜ் செய்யும் முனையில் சிமெண்ட் தூசி அடைவதால் அடிக்கடி துடைக்க வேண்டும்.

தொடக்கத்தில் தொழிலாளர்கள் இதை வேவு பார்க்கும் கருவியாக நினைத்துச் சார்ஜ் போடாமல் விட்டார்கள். அவர்களின் ஐயம் நியாயமானது. பதிவில் பெயர் இருக்காது, வருகைக்கும் கூலிக்கும் இதைப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதி ஒட்டிய பிறகே நிலைமை மாறியது.

அடுத்த தளத்துக்கும் இதையே கேட்டிருக்கிறேன். ஆனால் விழுதல் எச்சரிக்கைக்குத் தனியாகக் கட்டும் சந்தா வேண்டாம் என்றும், அந்தப் பணத்தில் மாடி விளிம்புகளுக்குக் கூடுதல் தடுப்புக் கம்பிகள் வாங்கித் தருமாறும் எழுதியிருக்கிறேன்.