ரோட்டரி டர்போ வயரிங்: வலை உறையைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் பழைய மாஸ்டாவுக்கு டர்போ ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழல்கிற எஞ்சின்) மாற்றலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், வயரிங்குக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எஞ்சினை இறக்குவது, மவுண்ட் அடிப்பது, கியர்பாக்ஸ் பொருத்துவது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை, தப்பு நடந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். வயரிங் அப்படியில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகும், வீடு வரைக்கும் ஓடியும் வரும், உள்ளே எஞ்சின் செத்துக்கொண்டிருக்கும். என் வண்டிக்கு அதுதான் நடந்தது. கடையின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், விவகாரம் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது.

என்னுடையது 1984 ஆர்எக்ஸ்-7. 12ஏ எஞ்சினும் கார்புரேட்டரும் வைத்து வந்த மாடல். அதில் போட, ஜப்பானிலிருந்து வந்த ஒரு ஹாஃப்-கட்டிலிருந்து (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டி) 13பி டர்போ எடுத்தேன். சீரிஸ் 4, எண்பதுகளின் நடுவில் எஃப்சி வண்டியில் (ஆர்எக்ஸ்-7இன் அடுத்த தலைமுறை) வந்தது. 654 சிசி ரோட்டர் இரண்டு, மொத்தம் 1308 சிசி, ஜப்பான் கணக்கில் 185 குதிரைத்திறன். எஞ்சினோடு அதன் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்), முழு லூம் (கம்பிக் கட்டு), சென்சார்கள், ரிலே, குட்டிப் பெட்டிகள் என்று எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அந்த அட்டைப்பெட்டி பின்னால் வரும்.

இந்த மாற்றத்தில் வயரிங் ஏன் இவ்வளவு தலைவலி என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், குறைந்த அழுத்தத்தில் ஓடும் பெட்ரோல் பம்ப், அவ்வளவுதான். எஞ்சின் பக்கம் போகிற கம்பிகளைக் கை விரலால் எண்ணிவிடலாம். டர்போ எஞ்சினுக்கு ஈசியூ உண்டு, டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த இடத்தில் கிராங்க் ஆங்கிள் சென்சார் உண்டு, காற்று மீட்டர், பூஸ்ட் (டர்போ அடைக்கிற காற்றழுத்தம்) சென்சார், நாக் (உள்ளே பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது) சென்சார், பெட்ரோலைத் தெளிக்கிற நான்கு இன்ஜெக்டர். அதற்கு மேல் இது ரோட்டரி. ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக், லீடிங் ஒன்று, டிரெய்லிங் ஒன்று. லீடிங் காயில் இரண்டு ரோட்டருக்கும் ஒரே நேரத்தில் பொறி கொடுக்கும், அதனால் அந்த இரண்டு பிளக் கம்பியை இடம் மாற்றிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. டிரெய்லிங் தனித்தனி. அதை மாற்றிப் போட்டால் பொறி அரைச் சுற்று தள்ளி விழும், படார் படார் என்று வெடிக்கும், அப்படியே ஓட்டினால் எஞ்சின் காலி. பிஸ்டன் எஞ்சினில் இருபது வருஷம் கை பழகியவர்கூட இந்த இடத்தில் தடுக்கி விழலாம். அதனால்தான் போர்டில் "ரோட்டரி ஸ்பெஷலிஸ்ட்" என்று எழுதியிருந்த கடையைத் தேடிப் போனேன்.

பேசிய தொகை 3,500 டாலர். வண்டியின் லூம், எஞ்சினின் லூம் இரண்டையும் சேர்த்து ஒரே லூமாகக் கட்டித் தருவது, பெட்ரோல் பம்புக்குப் புது லைன், மீட்டர் எல்லாம் வேலை செய்ய வேண்டும், எஞ்சின் மாற்றத்துக்கான சான்றிதழுக்கும் அவர்களே ஆள் ஏற்பாடு செய்வார்கள் என்பது பேச்சு. மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள், அதைப் பற்றி எழுதப் போவதில்லை, இந்தத் தொழிலில் எல்லாக் கடையும் அதைச் செய்கிறது.

வண்டியைக் காட்டியபோது பானெட்டுக்குள் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எல்லாக் கம்பிக்கும் கறுப்பு வலை உறை, முனைகளில் வெப்பத்தில் சுருங்குகிற குழாய், டை கட்டி வரிசையாக ஓடியது. பில்லில் "புதிய லூம்" என்று போட்டிருந்தார்கள். ஆர்பிஎம் முள் மட்டும் அசையவில்லை. அது சின்ன விஷயம், அடுத்த வாரம் கொண்டுவாருங்கள் என்றார்கள். மீதி வந்த சாமான்களை அதே அட்டைப்பெட்டியில் போட்டு, இதெல்லாம் தேவைப்படாது என்று டிக்கியில் வைத்தார்கள்.

அன்றைக்கே தெரிந்தது. மெதுவாகப் போனால் நன்றாகப் போகிறது. ஆக்சிலேட்டரை மிதித்து ஆர்பிஎம் ஏறும்போது ஒரு இடத்தில் வண்டி மூச்சு முட்டி நிற்கிறது, பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி. திரும்பக் கொண்டுபோனால் கடைக்காரர் சிரிக்கிறார். இதுதான் சார் 3800 பிரச்சினை, எஃப்சி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும், மாஸ்டா தொழிற்சாலையிலேயே இப்படித்தான் வந்தது என்கிறார்.

இவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. எஃப்சியில் 3800 ஆர்பிஎம் பக்கத்தில் தடுமாற்றம் வருவது உண்மைதான், ரோட்டரிக்காரர்கள் மத்தியில் பல வருஷமாகப் பேசப்படுகிற விஷயம். ஏன் அந்த இடத்தில் வருகிறது என்றால், அதுவரை பிரைமரி இன்ஜெக்டர் இரண்டு மட்டும் வேலை செய்யும், அதற்கு மேல்தான் செகண்டரி இரண்டும் சேரும். எர்த் சரியில்லை என்றாலோ, இன்ஜெக்டர் அடைத்திருந்தாலோ அந்தக் கைமாறும் நேரத்தில் வண்டி தடுமாறும். எர்த்தைச் சுத்தம் செய்து ஒழுங்காகப் போட்டதிலேயே பல பேருக்குச் சரியாகியிருக்கிறது. ஆனால் அது ஒரு நொடித் தடுமாற்றம், தாண்டினால் வண்டி பறக்கும். என் வண்டி தாண்டவே இல்லை. அந்த வித்தியாசத்தைச் சொன்னால், அப்படியென்றால் பழைய ஈசியூவைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹால்டெக் மாதிரி வெளியில் விற்கிற ஈசியூ ஒன்று வாங்கிப் போடுங்கள், நாங்களே போட்டு டியூனும் செய்து தருகிறோம், இன்னொரு 5,000 டாலர் ஆகும் என்று பதில் வந்தது. தான் செய்த கோளாறுக்கு ஊரறிந்த ஒரு வியாதியின் பெயரை வைத்து, அதற்கு மருந்தையும் தானே விற்கிற வேலை.

நான் காசு கொடுக்கவில்லை. தூங்காபி பக்கம் டிரக் வயரிங் செய்கிற ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனிடம் கொண்டுபோனேன். ரோட்டரி அவருக்குப் பழக்கமில்லை, ஆனால் மல்டிமீட்டர் இல்லாமல் வாயைத் திறக்காத ஆள். வலை உறையை நீளவாக்கில் கிழித்தார். உள்ளே பாதி இணைப்பு கையால் முறுக்கி டேப் சுற்றியது, மீதி கம்பியைக் கடித்துப் பிடிக்கிற அந்த நீலக் கிளிப். நீளம் போதாத இடத்திலெல்லாம் ஒரே சிவப்புக் கம்பியை வைத்து நீட்டியிருக்கிறார்கள். ஈசியூவிலிருந்து எஞ்சின் வரைக்கும் நிறம் மாறாமல் வந்தது எதுவுமே இல்லை, எது எங்கே போகிறது என்று கட்டியவருக்கே தெரிந்திருக்காது. "தம்பி, இதை ஆர் செய்தது? காசு குடுத்தோ செய்வித்தனீங்கள்?" என்று கேட்டார்.

புது லூம் என்று பில் போட்டது ஹாஃப்-கட்டோடு வந்த என்னுடைய பழைய லூம்தான், வெட்டி ஒட்டியது. ஈசியூவின் எர்த்தை எஞ்சினுக்குக் கொண்டுபோகாமல், பெயின்ட் அடித்த தகரத்தில் ஒரு ஸ்குரூவால் முடுக்கியிருந்தார்கள். கிராங்க் ஆங்கிள் சென்சாரின் கம்பிக்கு மேலே, மின் இரைச்சலைத் தடுக்க இருக்க வேண்டிய கவசப் பின்னலை வெட்டிவிட்டு, சாதாரணக் கம்பியைக் காயில் கம்பிகளோடு சேர்த்தே கட்டியிருந்தார்கள்.

பெட்ரோல் பம்ப் விஷயம்தான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. எஃப்சியில் காற்று மீட்டரின் மடல் திறந்தால்தான் பம்ப் ரிலே பிடிக்கும். எஞ்சின் நின்றால் காற்று நிற்கும், மடல் மூடும், பம்ப் நிற்கும். வண்டி எங்காவது மோதி எஞ்சின் நின்றுவிட்டால், உடைந்த குழாய் வழியே பெட்ரோல் கொட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. இவர்கள் அதைத் தாண்டி, சாவியிலிருந்து நேராகப் பம்புக்கு ஒரு மெல்லிய கம்பியை இழுத்துவிட்டார்கள். ரிலே இல்லை, ஃபியூஸும் இல்லை. சாவி போட்டிருக்கும்வரை பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பம்ப் முனையில் அளந்தால் 10.6. அந்த வோல்டேஜில் பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் எப்படிப் போதும்?

அப்புறம் அந்த அட்டைப்பெட்டி. எதற்கும் பார்ப்போம் என்று அண்ணன் அதைக் கிளறினார், உள்ளேயிருந்து ஓர் உலோகப் பெட்டியை எடுத்தார், கனெக்டரோடு. "இது ஏன் இங்க கிடக்கு?" என்றார். இன்ஜெக்டர் ரெசிஸ்டர். என் எஞ்சினில் இருப்பது குறைந்த மின்தடை இன்ஜெக்டர், அளந்தால் இரண்டு மூன்று ஓம்தான் காட்டும், அதற்கும் 12 வோல்ட்டுக்கும் நடுவில் ரெசிஸ்டர் இல்லையென்றால் அளவுக்கு மீறிய கரன்ட் ஓடும், ஈசியூவுக்குள் இருக்கிற டிரான்சிஸ்டர் அதைத் தாங்காது. பின்னால் வந்த எஞ்சின்களில் பத்து ஓமுக்கு மேல் இருக்கிற இன்ஜெக்டர் வைத்தார்கள், அவற்றுக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. கடையில் ஒரு நிமிஷம் மீட்டர் வைத்திருந்தால் எது என்று தெரிந்திருக்கும். தேவைப்படாது என்று டிக்கியில் வைத்த சாமான் இதுதான். ஈசியூவைத் திறந்து பார்த்தோம், செகண்டரி பக்கம் கருகியிருந்தது.

அதாவது மேல் ஆர்பிஎம்மில் பாதி இன்ஜெக்டர் திறக்கவே இல்லை, பம்புக்கும் வோல்டேஜ் இல்லை, டர்போ மட்டும் காற்றை அடைத்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் குறைந்து பூஸ்ட் ஏறினால் நாக் வரும், ரோட்டரியில் நாக் வந்தால் முதலில் போவது ஏபெக்ஸ் சீல், ரோட்டரின் முனையில் இருக்கிற அடைப்பு. கம்ப்ரஷன் பார்த்தபோது முன் ரோட்டரின் மூன்று முகத்தில் ஒன்று மற்றதைவிட ரொம்பக் கீழே. (ரோட்டரிக்கென்று இருக்கிற டெஸ்டரில்தான் இதைப் பார்க்க வேண்டும். சாதாரண டெஸ்டர் மூன்று முகத்தில் அதிகமானதை மட்டும் காட்டி, எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். விற்கிறவர் சாதாரண டெஸ்டரில் எடுத்த எண்ணைக் காட்டினால் மதிக்காதீர்கள்.) எஞ்சினைப் பிரித்துக் கட்ட 8,000 டாலருக்கு மேல் சொல்கிறார்கள்.

கடைக்காரரிடம் ரெசிஸ்டரைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். நீங்கள் வேகமாக ஓட்டியதால் எஞ்சின் போயிற்று, வயரிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். சரி, வயரிங் வரைபடம் கொடுங்கள் என்றேன். வரைபடமெல்லாம் கிடையாது, எல்லாம் மண்டையில் இருக்கிறது என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

ஆகவே நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும், பேசும்போதே எழுத்தில் வாங்க வேண்டியது அந்த வரைபடம்தான்: ஈசியூவின் ஒவ்வொரு பின்னும் எந்த நிறக் கம்பியில் எங்கே போகிறது என்று. வலை உறை போடுவதற்கு முன்னால் லூமைப் பார்க்க விடுங்கள் என்று சொல்லுங்கள். மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது பம்ப் முனையில் வோல்டேஜ் எவ்வளவு, எஞ்சின் தானாக அணைந்தால் பம்ப் நிற்கிறதா, இன்ஜெக்டர் எத்தனை ஓம், இந்த மூன்றையும் கண்ணெதிரே அளந்து காட்டச் சொல்லுங்கள், காட்டிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். நியூ சவுத் வேல்ஸில் வண்டி பழுது பார்க்கிற கடைக்கு உரிமம் இருக்க வேண்டும், அரசுப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். சான்றிதழ் கொடுக்கும் எஞ்சினியரைக் கடைக்காரர் மூலம் பிடிக்காமல் நேராக நீங்களே பிடியுங்கள், வேலை தொடங்கும் முன்பே. எனக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்ன ஆள் கடைசிவரை வரவே இல்லை.

முதலில் மாநில அரசின் நுகர்வோர் துறையான ஃபேர் டிரேடிங்கில் புகார் கொடுத்தேன். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி செய்கிற சேவையில் உரிய கவனமும் திறமையும் இருந்தாக வேண்டும், பில்லின் அடியில் "பொறுப்பில்லை" என்று அச்சடித்து அதிலிருந்து தப்ப முடியாது. சமரசத்தில் வயரிங் காசில் பாதி தருகிறேன் என்றார் கடைக்காரர், எஞ்சினைப் பற்றி இனிமேல் பேசமாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். மறுத்துவிட்டேன். கிழித்த லூம், கருகிய ஈசியூ, அண்ணன் எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.

அண்ணன் லூமைப் புதிதாகக் கட்டத் தொடங்கியிருக்கிறார், பின் வாரியாக வரைபடமும் போட்டுவிட்டார். சீரிஸ் 4 எஞ்சினைப் பழைய ஆர்எக்ஸ்-7இல் வைக்கிறவர்கள் கேட்டால் அனுப்புகிறேன். சீரிஸ் 5 வைத்திருப்பவர்களுக்கு அது உதவாது, அதில் ஆயில் மீட்டரிங் பம்பையே (எஞ்சினுக்குள் ஆயிலை அளந்து விடுவது) ஈசியூ மின்சாரத்தில் கட்டுப்படுத்துகிறது, அதன் சிக்னல் ஈசியூவுக்கு ஒழுங்காகப் போகவில்லை என்றால் ஈசியூ எஞ்சினை வேகம் எடுக்கவே விடாது.