வீட்டுக்கு ஹூட் டிரையர் வாங்குகிறீர்களா? என் 6,490 ரூபாய் எங்கே போனது என்று படித்துவிட்டு வாங்குங்கள்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 6,490 ரூபாய் போச்சு. அம்மாவின் காது மடல் மேலே இன்னும் சிவந்து தோல் உரிந்து கிடக்கிறது. விற்றவர் சற்று முன்புதான் என் நம்பரை பிளாக் செய்தார். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பார்லரில் தலைக்கு மேல் ஹெல்மெட் மாதிரி கவிழ்ப்பார்களே, அந்த டிரையர்தான். மேஜையில் வைத்துக்கொள்ளும் சின்ன மாடல். அம்மாவுக்கு 68 வயது. தோள்பட்டை இறுகிப்போய் வலது கை காதுக்கு மேல் எழும்பாது. முடி இன்னும் இடுப்பு வரை இருக்கிறது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விடவே மாட்டார். ஈரத்தோடு இருந்தால் சைனஸ், ராத்திரியே தலைவலி. கை டிரையரை நான் பிடித்துக்கொண்டு நின்றால் ஆபீஸ் பஸ் போய்விடும். ஹூட் என்றால் அவர் பாட்டுக்கு உட்கார்ந்து காய வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கடையின் பெயரை எழுதவில்லை. பார்லர் சாமான்களை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கிற கடை. இன்ஸ்டாவில் ஒரு பக்கம், தனியாக ஒரு வெப்சைட், நிறைய ஃபாலோயர்கள். சந்தேகம் கேட்க போன் செய்தேன். கடைக்காரரே வீடியோ காலில் வந்தார். டிரையரை ஆன் செய்து, உள்ளங்கையை ஹூட்டுக்குள் நீட்டி, குமிழைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "பாருங்கக்கா, இது ஹை, இது மீடியம், இது லோ. லோவுல வச்சா குழந்தைகூடத் தூங்கிடும்." வயசானவங்களுக்குத்தான் வாங்குகிறேன் என்றேன். "அம்மாவுக்கா? அப்ப யோசிக்கவே வேண்டாம்க்கா. எங்க அம்மாவுக்கும் இதையேதான் வச்சிருக்கேன்."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பணத்தை அனுப்பினேன். பெற்ற தாயை இழுத்துப் பேசுகிற ஒருவர் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்? இப்போது யோசித்தால், அவர் கையை வைத்திருந்தது அரை நிமிஷம்கூட இருக்காது. மூடின ஹூட்டுக்குள் சூடு சேர்வதற்குச் சில நிமிஷமாவது ஆகும். அது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

பார்சல் வந்தது. மீடியத்தில் வைத்து அம்மாவை உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் "சூடா இருக்குடி" என்றார். உடனே லோவுக்குத் திருப்பினேன். அடுத்த நிமிஷமே "ஐயோ, காது!" என்று கத்திக்கொண்டு ஹூட்டைத் தள்ளிவிட்டார். குறைக்கத்தானே திருப்பினேன், எப்படிக் கூடியது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேல்மடல் முழுக்கச் சிவந்து, மறுநாள் சின்னதாகக் கொப்பளித்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த தெருவில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிற அண்ணனிடம் கொண்டுபோனேன். வயரில் ஒரு இழையை மட்டும் பிரித்து, எவ்வளவு கரன்ட் ஓடுகிறது என்று காட்டுகிற கிளாம்ப் மீட்டரை மாட்டினார். ஹையில் 4.2 ஆம்ப். மீடியத்தில் 4.2. லோவில் 4.1. "காயில் மூணுலயும் முழுசாத்தான் எரியுதும்மா. இந்த ஸ்விட்ச் ஃபேன் வேகத்தை மட்டும்தான் குறைக்குது" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். ஒழுங்கான மெஷின் என்றால் லோவில், காற்றைச் சூடாக்குகிற காயிலுக்குப் போகிற கரன்ட் குறைய வேண்டும். சிலதில் இரண்டு காயில் இருக்கும், லோவில் ஒன்று மட்டும் எரியும். சிலதில் டயோடு என்ற சின்ன பாகத்தைப் போட்டு கரன்டைப் பாதியாக்குவார்கள். இதில் அந்தச் செலவே இல்லை. காயில் அதே சூட்டில் எரிய, காற்று மட்டும் மெதுவாகப் போனால், அந்தக் காற்று இன்னும் அதிகம் சூடாகித்தான் வெளியே வரும். வீட்டில் சமையல் தெர்மாமீட்டரைக் காது இருக்கும் இடத்தில் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஹையில் 58 டிகிரி, லோவில் 71. லோ என்று எழுதியிருக்கிற இடத்தில்தான் இந்த மெஷின் அதிகமாகச் சுடுகிறது. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் யாராக இருந்தாலும் லோவில்தானே வைப்போம்?

கை டிரையரை வைத்து 2011இல் கொரிய ஆய்வாளர்கள் அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். 15 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 47 டிகிரி, 5 செ.மீ. நெருக்கத்தில் 95 டிகிரி. கையில் இருப்பதைத் தள்ளிப் பிடிக்கலாம், ஆட்டிக்கொண்டே இருக்கலாம். ஹூட்டுக்குள் மாட்டின தலை எங்கே நகரும்? அந்தக் குமிழை மட்டும்தான் நம்பி உட்கார்ந்திருக்கிறோம். அதையே பொய்யாகச் செய்து விற்கிறார்கள்.

இனி இவர்கள் சொன்ன பதில்களைக் கேளுங்கள். முதலில், "உங்க வீட்டு வோல்டேஜ் ஏறியிருக்கும்க்கா." மீட்டர் போட்டோவை அனுப்பினேன். "அம்மா முடி ரொம்ப அடர்த்தியா? அதான் சூடு நிக்குது." காது போட்டோவை அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டால் வேறொரு பெண் எடுத்து, "மேடம், தலையில படற பொருள், யூஸ் பண்ணிட்டா ரிட்டர்ன் கிடையாது, ஹைஜீன் பாலிசி" என்றார். பயன்படுத்தாமல் எப்படித் தெரியும் என்று கேட்டால், "சர்வீஸ் சென்டருக்குப் பேசுங்க." அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. வெப்சைட்டில் குறைதீர் அதிகாரி என்று போட்டிருந்த மெயிலுக்கு அனுப்பினேன், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. கடைசியாகக் கடைக்காரரே வந்தார். "மெக்கானிக்கிட்ட குடுத்துட்டீங்கல்ல, வாரண்டி போச்சு. 6,490 ரூபாய்க்கு ஏன்க்கா இவ்வளவு பேசறீங்க?" அதோடு பிளாக்.

6,490 ரூபாய் அவருக்குச் சின்னதாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது இரண்டு மாத கரன்ட் பில்லும் அம்மாவின் மருந்துச் செலவும் சேர்ந்த தொகை. பணத்தைவிட, "எங்க அம்மாவுக்கும் வச்சிருக்கேன்" என்று சொன்ன வாய் அம்மாவின் காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி, ஆன்லைனில் விற்கிற கடை புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணமே கிடையாது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், எழுதும் நிலையில் இல்லை. அவசரத்துக்கு இவை மட்டும். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, மெஷினில் வாட்ஸ் போட்டிருக்கிறதா பாருங்கள். என்னுடையதில் இரண்டுமே இல்லை. வீடியோவில் காட்டினால் ஒவ்வொரு செட்டிங்கிலும் ஐந்து நிமிஷம் ஓடவிட்டுத் தெர்மாமீட்டரோடு காட்டச் சொல்லுங்கள். பார்சல் பிரிப்பதையும் முதல் தடவை ஓடவிடுவதையும் வீடியோ எடுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இன்றைக்கே ஒரு எலக்ட்ரீஷியனிடம் லோவிலும் ஹையிலும் ஆம்ப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அதற்குள் யார் தலையையும் வைக்காதீர்கள்.