கண் நீர் அழுத்த நோய்: முகாமா, கண் மருத்துவமனையா, ஊர் மருத்துவரா?

தென்மாவட்டக் கிராமங்களில் 40 வயதைக் கடந்தவர்களிடம் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், 100 பேருக்கு இரண்டு, மூன்று பேரிடம் கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அன்றுவரை அது தெரியாது. வலி இல்லாமல் ஓரப் பார்வையை அரிக்கும் நோய் இது. போன பார்வை திரும்பாது. அப்படியானால் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலில் பீடி சுற்றும் பெண் எங்கே போய்க் கண்ணைக் காட்டுவது?

பள்ளிக்கூடத்தில் நடக்கும் இலவச முகாம் கண்புரைக்கு வரம். இந்த நோய்க்கு அது போதாது. நடுப்பார்வை கடைசிவரை மிஞ்சுவதால், எழுத்து அட்டையைத் தடுமாறாமல் வாசிப்பவருக்கும் நோய் இருக்கலாம். அழுத்தம் அளந்தாலும், இயல்பான 10 முதல் 21 மி.மீ. பாதரசம் என்ற எல்லைக்குள் இருந்தே பார்வை நரம்பு நலிந்தவர்கள் உண்டு.

நோயை உறுதிசெய்யக் கண் மருத்துவமனைதான். நரம்பு, பார்வை எட்டும் பரப்பான பார்வைப் புலம், கண் நீர் வடியும் இடமான கோணம் மூன்றையும் அங்கே பார்க்கிறார்கள். ஆனால் பாளையங்கோட்டை போய்வர ஒரு நாள் கூலி போகும். சொட்டு மருந்துவிட்டு விழிப்பாவையை விரித்த பிறகு தனியாகத் திரும்பவும் முடியாது. அறிகுறியே இல்லாதவர் எதற்காகக் கிளம்புவார்?

கிளம்பச் சொல்ல வேண்டியவர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். அவரிடம் பெரிய கருவி இல்லை, நோயை முடிவுசெய்யவும் அவரால் இயலாது. ஆனால் யாருடைய அம்மாவுக்கு இந்த நோயால் பார்வை போனது, யார் கண் அரிப்புக்கு மருந்துக்கடையில் கண் அழுத்தத்தைக் கூட்டக்கூடிய ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாதக்கணக்கில் விடுகிறார் என்பதை அவர் கேட்டறியலாம். காதுப்பக்கமிருந்து டார்ச் அடித்து, கருவிழியின் மூக்குப்பக்கம் நிழல் விழுகிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். நிழல் விழுந்தால் கோணம் குறுகியிருக்கலாம், அனுப்பிவிட வேண்டும். தலைவலியும் வாந்தியுமாக வருபவரைப் பித்தம் என்று ஊசி போட்டு அனுப்புமுன் கண் சிவந்திருக்கிறதா, பார்வை மங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கண்ணில் திடீர் அழுத்த உயர்வென்றால் அன்றே கண் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

சிகிச்சையை விடாமல் தொடர வைப்பதிலும் என் வாக்கு ஊர் மருத்துவருக்கே. சொட்டு மருந்து பார்வையைக் கூட்டாது, இருப்பதைக் காக்கும். பலன் தெரியவில்லையென்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கொண்டுவருபவர் சொட்டு விடுகிறார்களா என்றும் கேட்கலாம். இந்த நோய்க்குத் தரப்படும் டிமோலால் சொட்டு ஆஸ்துமாக்காரருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும், நாடித்துடிப்பைக் குறைக்கும். இரைப்புக்கு ஊர் மருத்துவரிடம் போகும்போது கண் மருந்துப் புட்டியையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.