கரையேறியதும் டீயா, குட்டித் தூக்கமா?

இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு விடியலில் பாம்பனில் கரையேறும் அண்ணன், பைக்கை எடுக்கும் முன் டீக்கடையில் நிற்பார். டம்ளரைப் பிடித்தபடியே கண் சொருகும்.

விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்கிறது. அது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸின் முன்பகுதியிலுள்ள தூக்க நரம்பணுக்களைத் தூண்டிவிட, அவை விழிப்பு மையங்களை அடக்குகின்றன. டீயிலுள்ள காஃபின் அடினோசின் போய் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். சேர்ந்த அடினோசின் அப்படியே இருக்கும். காஃபினில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆவதால் பகல் தூக்கமும் கெடும்.

தூங்கினால்தான் அடினோசின் குறையும். 20 நிமிடம் தூங்கி எழுந்தால் சற்று மந்தமாக இருக்கும், சரி, கொஞ்ச நேரத்தில் தெளியும். காற்றடிக்கும் பாம்பன் பாலத்தில் வண்டி ஓட்டப் போகிறவருக்கு நான் தூக்கத்தைத்தான் சொல்வேன். அண்ணே, வலைக் குவியல் மேலேயே சாயுங்கள். டீ அப்புறம்.