கரண்ட் போன அன்றைக்குத்தான் முழுக் கச்சேரி: என் டிரான்சிஸ்டரைப் பற்றி

கீழக்கரையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, கர்நாடக சங்கீதம் கேக்குறதுக்கு உங்ககிட்ட இருக்குற மாதிரி ஒரு ரேடியோப் பெட்டி வாங்கலாமா, இல்ல போன்லயே கேட்டுக்கிடலாமா?" ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பெட்டி அன்றைக்குத்தான் ரிப்பேர் கடையிலிருந்து திரும்பி வந்திருந்தது, அதன் மேல் எனக்குப் பாசமும் கடுப்பும் ஒன்றாகவே இருந்தன, அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள்.

பெட்டி எல்லோருக்கும் தெரிந்த ரகம்தான். மத்திய அலை, சிற்றலை, பண்பலை மூன்றும் வரும், பெரிய பேட்டரிக் கட்டையிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீடு தேவிபட்டினத்தில், கடலுக்கு ரொம்பப் பக்கம். அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

முதலில் உப்பு. வாடைக் காற்று தொடங்கினால் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே கை பிசுபிசுக்கும். பேட்டரி போடும் இடத்தில் இருக்கிற ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு பூத்துவிடுகிறது. சுரண்டிவிட்டால் கொஞ்ச நாள் ஓடும், மறுபடி பூக்கும். வால்யூமைத் திருகினால் கரகரவென்று ஒரு சத்தம் வந்த பிறகுதான் பாட்டு வரும். இந்த முறை முள்ளை நகர்த்துகிற டயல் நூல் அறுந்துவிட்டது. ரிப்பேர் பார்த்தவர் அதற்கான நூல் கிடைக்கவில்லை என்று தூண்டில் நரம்பைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். நரம்பு வழவழப்பானது, சக்கரத்தில் பிடிக்காமல் வழுக்குகிறது. திருகைத் திருப்புகிறேன், முள் அங்கேயே நிற்கிறது, அப்புறம் திடீரென்று ஒரு குதி குதிக்கிறது. திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ். என் முள் இப்போது ஆயிரத்தைத் தாண்டி நிற்கும்போதுதான் திருச்சி கேட்கிறது. இதற்கு வாங்கிய கூலியை நினைத்தால் இன்னும் எரிகிறது. சரி, நிலையத்தைக் காதால் பிடித்துவிடலாம், எண் எனக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்கவே முடியாதது இரைச்சல்.

மத்திய அலையில் சங்கீதம் கேட்க உட்கார்ந்தவர்களுக்கு அந்த 'உர்ர்' தெரியும். தம்பூரா சுருதிக்கு அடியில் இன்னொரு சுருதி மாதிரி, ஆனால் எந்தச் சுருதியிலும் சேராமல், ஒரே மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். பாடகர் கார்வை கொடுத்து நிற்கிற இடத்தில்தான் அது மேலே ஏறி வரும். ஆலாபனையில் மந்தர ஸ்தாயிக்கு இறங்கினால் போச்சு, குரல் எங்கே முடிந்தது, இரைச்சல் எங்கே தொடங்கியது என்றே பிரிக்க முடியாது. காரணம் ரேடியோ நிலையமும் இல்லை, பெட்டியும் இல்லை. எல்இடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், டிவிப் பெட்டி. இவற்றுக்குள்ளே கரண்டை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி மாற்றுகிற சர்க்யூட் இருக்கிறது. அந்த வெட்டு உண்டாக்குகிற அலைகள் அப்படியே மத்திய அலை முழுக்கப் பரவுகின்றன, வீட்டு வயரிங்கே அதற்கு ஏரியல் ஆகிவிடுகிறது. அதைத் தடுக்க உள்ளே ஒரு சின்னக் காயிலும் கண்டன்சரும் வைத்தால் போதும், சில ரூபாய்ச் சமாச்சாரம். மலிவான பல்புகளில் அதை விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு அது மிச்சம், எனக்கு ஒரு முழு தோடி ராகம் போகிறது. இதில் என்னால் நிதானமாகப் பேச முடியவில்லை.

கடற்கரைக்கென்று இன்னொரு இரைச்சலும் உண்டு, உள்ளூர்க்காரர்கள் பலருக்கே தெரியாது. கரண்ட் கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் கிண்ணங்களில் உப்புப் படிந்துவிடும். பகலில் காய்ந்து கிடக்கும்போது ஒன்றும் செய்யாது. ராத்திரிப் பனி இறங்கி அந்த உப்பு நனைந்தால் கரண்ட் அதன் மேல் கசியத் தொடங்கும், ரேடியோவில் சடசடவென்று பொரியும். அதிகாலையில் நாதஸ்வரம் வைக்கிற நேரம் பார்த்து இது உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி எட்டு, எட்டரை ஆனால் தானாக அடங்கும். நல்ல மழை ஒன்று பெய்து கிண்ணங்களைக் கழுவிவிட்டால் சில வாரம் நிம்மதி. அதனால் ஐப்பசி, கார்த்திகை எனக்கு நல்ல மாதங்கள். மாசி, பங்குனி மோசம்.

இப்போது பெட்டியின் நல்லதைச் சொல்கிறேன், இதையும் முழு மனதோடுதான் சொல்கிறேன்.

மத்திய அலைக்கு ஏரியல் பெட்டிக்கு உள்ளேயே இருக்கிறது, ஒரு கறுப்புக் குச்சி மேல் கம்பி சுற்றியிருப்பார்கள். மேலே நீட்டுகிற கம்பி பண்பலைக்கும் சிற்றலைக்கும்தான், மத்திய அலைக்கு அதை இழுத்துப் பயனில்லை. அந்தக் குச்சி தன் பக்கவாட்டில் வருவதை நன்றாக வாங்கும், தன் இரண்டு முனைகளும் நீட்டிக்கொண்டிருக்கிற திசையில் வருவதை வாங்காது. எங்களுக்குத் திருச்சி கிட்டத்தட்ட நேர் வடக்கு. பெட்டியின் முகத்தை வடக்குப் பார்க்க வைத்தால் உள்ளே குச்சி கிழக்கு மேற்காகப் படுத்திருக்கும், திருச்சி முழு பலத்தோடு வரும். எங்கள் பக்கத்து வீடு மேற்கே இருக்கிறது, அவர்கள் வீட்டு இரைச்சல் பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தால் இரைச்சல் சட்டென்று விழுகிற ஒரு இடம் இருக்கும், திண்ணையில் அந்த இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இருட்டின பிறகு தூரத்து நிலையங்களெல்லாம் வானத்தில் பட்டுத் திரும்பி வந்து குறுக்கே விழும், பகலில் வராதவை வரும். அப்போது மறுபடி திருப்ப வேண்டும். போனில் கேட்கிறவர்களுக்கு இந்த வேலை இல்லை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

ஒலித் தரம் எப்படி என்றால், மத்திய அலையில் கூர்மையான ஒலிகள் வெட்டுப்பட்டுத்தான் வரும். நிலையத்துக்கு நிலையம் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கி வைத்திருப்பதால் பெட்டிகளும் அதற்குத் தக்கபடி நறுக்கிவிடுகின்றன. ஜால்ரா மங்கும், வயலினில் வில் உரசுகிற சத்தம் போய்விடும். சின்ன ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி பாதிதான் கேட்கும், வலப்பக்க வலந்தலை நன்றாகக் கேட்கும். குரல் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வரும், அதுவும் ஆண் குரல், முன் வரிசையில் உட்கார்ந்து கேட்பது மாதிரி. வாய்ப்பாட்டுக்கு இது போதும் என்பது என் அபிப்பிராயம். வீணைக்குப் போதாது.

முழு நாள் சங்கீதம் என்று நான் ஒரு நாளைச் சொல்வதென்றால் தியாகராஜ ஆராதனையைத்தான் சொல்வேன். புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமி, மார்கழிக் கடைசியிலோ தையிலோ வரும். அவர் 1847 ஜனவரி 6 அன்று சித்தியடைந்த திதி. திருவையாற்றிலிருந்து பஞ்சரத்தினம், அவருடைய ஐந்து பெரிய கிருதிகள், நேரடியாக வரும். ஒரு வருஷம் அதே நாளில் எங்கள் பகுதிக்குப் பராமரிப்பு மின்தடை அறிவித்துவிட்டார்கள், காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை. வீட்டில் எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். பனி காய்ந்து சடசடப்பு அடங்கிவிட்டது, ஆனால் அந்த 'உர்ர்' மட்டும் விடவில்லை. புல்லாங்குழல்கள் சேர்ந்து பைரவியில் 'சேதுலார' வாசித்துக்கொண்டிருந்தபோது அதன் நடுவேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் போனது. இரைச்சல் நின்ற இடத்தில் குழல் தனியாக நின்றது. அத்தனை வருஷம் கேட்ட பெட்டியில் அப்படி ஒரு சுத்தத்தை நான் கேட்டதில்லை. பிறகு நாட்டையில் 'ஜகதானந்தகாரகா' எடுத்தார்கள். நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாக எடுக்கும்போது ஒரு அரை இழை முன்பின் இருக்குமே, அந்தப் பிசிறுகூடத் தனித்தனியாகக் கேட்டது. கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்தும் முடிகிறவரை யாரும் எழுந்திருக்கவில்லை. ஐந்தும் ஆதி தாளம்தான், என் மகன் தாளம் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்கு என் மனைவி அடுக்களையில் போனிலும் அதே ஒலிபரப்பை வைத்திருந்தாள். போனுக்கு வருவது இணையத்தைச் சுற்றி வருவதால் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். திண்ணையில் நாட்டை ஒரு சரணத்தை முடித்திருக்கும், அடுக்களையில் அதே சரணம் அப்போதுதான் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் அவளே போனை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

மத்தியானம் ஒரு அரை மணிக் கச்சேரியில் ரீதிகௌளையில் 'சத்குரு ஸ்வாமிகி' பாடினார்கள். இது எங்கள் ஊர்ச் சொத்து என்று உரிமையோடு சொல்வேன். ராமநாதபுரம் சமஸ்தான வித்வான் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார் (1860–1919) தியாகராஜர் மேல் செய்த கிருதி. தியாகராஜரின் நேர் சீடர் மானம்புச்சாவடி வெங்கடசுப்பையர், அவர் சீடர் பட்டணம் சுப்பிரமணிய ஐயர், அவர் சீடர் பூச்சி ஐயங்கார், அவரிடம் கற்றவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். சேதுபதிகளின் அரண்மனையை ஒட்டிய தெருவில் பேட்டரிக் கட்டை வாங்கப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த வரிசை ஞாபகம் வரும். பாடியவர் பெரிய பெயர் இல்லை. ரேடியோவில் எனக்குப் பிடித்ததே இதுதான்: வானொலியின் தேர்வில் பி கிரேடு, பி-ஹை கிரேடு வாங்கிய இளம் ஆட்களுக்கும் நேரம் கிடைக்கிறது. அரை மணிக்குள் வர்ணம், ஒரு கிருதி, கொஞ்சம் ஆலாபனை என்று அடக்க வேண்டும், அதனால் தேவையில்லாமல் இழுக்க மாட்டார்கள்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. வந்ததும் என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை.

போனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஆகாசவாணியின் 'ராகம்' அலைவரிசை 2016 ஜனவரி 26 அன்று பெங்களூரிலிருந்து தொடங்கியது, இருபத்து நாலு மணி நேரமும் கர்நாடகம், இந்துஸ்தானி இரண்டும். நியூஸ் ஆன் ஏர் செயலியில் கிடைக்கிறது, தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் பெட்டியிலும் வருகிறது. பழைய வித்வான்களின் ஒலிப்பதிவுகளைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துப் போடுகிறார்கள், இரைச்சல் என்ற பேச்சே இல்லை. என் டிரான்சிஸ்டர் இதோடு எந்தக் கணக்கிலும் போட்டி போட முடியாது. பண்பலையும் சுத்தமாகத்தான் வரும், ஆனால் அதில் பெரும்பாலும் சினிமாப் பாட்டு. போதாததற்கு நாட்டில் பல இடங்களில் மத்திய அலையை நிறுத்திவிட்டுப் பண்பலைக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்குப் பெட்டி வாங்குகிறவர் எத்தனை வருஷம் கேட்கப்போகிறார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அதனால் தம்பி, வாங்காதீர்கள். உங்கள் கடை பஜாருக்கு நடுவில், வீடு கடைக்கு மேல் மாடியில், சுற்றிலும் எல்இடி போர்டும் இன்வெர்ட்டரும். பெட்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு இரைச்சல் வரும். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கிப் போனில் இணைத்து ராகம் வையுங்கள், வியாபாரம் பார்த்துக்கொண்டே கேட்கலாம். பெட்டி வாங்கியே தீருவேன் என்றால் கரண்டில் போடாமல் பேட்டரிக் கட்டையில் மட்டும் கேளுங்கள், கேட்காத நாளில் கட்டையைக் கழற்றி வைத்துவிடுங்கள், ஸ்பிரிங்கில் லேசாக வாசலின் தடவுங்கள், களிம்பு கொஞ்சம் தாமதமாக வரும்.

என்னுடைய பெட்டி இந்த உப்பில் இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று தெரியாது, அதற்குள் மாற்றுக்கு ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். பரமக்குடி, ராமநாதபுரம் பக்கம் யார் வீட்டிலாவது பழைய டிரான்சிஸ்டர் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். மேல் பெட்டி உடைந்திருந்தாலும் பரவாயில்லை, கேங், அதாவது நிலையம் பிடிக்கத் திருகும்போது உள்ளே சுழலுகிற கண்டன்சர், துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும், டயல் நூல் அசல் நூலாக இருக்க வேண்டும்.