முப்பதைத் தொட்ட நாயகிகளும் நம்பும்படியான காதலும்

வரலாற்றுக் காதல் நாவல்களைப் பல வருடங்களாக விடாமல் வாசித்துவருகிறேன். பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடப்பவை. ஆரம்பத்தில் பதினெட்டு வயதுப் பெண், முதல் நடன விருந்து, முன்கோபக்காரப் பிரபு என்று போகும் கதைகளே போதுமானதாக இருந்தன. இப்போது தேடிப் படிப்பதெல்லாம் விதவைகளும், மணமாகாமல் முப்பதைத் தொட்டவர்களும் நாயகிகளாக வரும் கதைகளைத்தான். இந்தப் பெண்களுக்குக் காதலால் இழப்பதற்கும் ஏதாவது இருக்கிறது. அதனாலேயே அந்தக் காதலை நம்ப முடிகிறது.

அன்றைய ஆங்கிலேயச் சட்டப்படி, கல்யாணம் ஆனதும் மனைவியின் ரொக்கமும் சம்பாத்தியமும் கணவன் கைக்குப் போய்விடும். தன் பெயரில் ஒப்பந்தம் போடவும் அவளால் முடியாது. 1870, 1882 சட்டங்கள் வந்த பிறகுதான் இது மாறியது. விதவையோ தன் காரியத்துக்குத் தானே கையெழுத்துப் போடலாம். அப்படிப்பட்டவள் 1815-இல் மறுமணத்துக்குச் சம்மதிக்கிறாள் என்றால் அது சாதாரண விஷயமா? நல்ல எழுத்தாளர் இந்த இடத்தை அவசரமாகக் கடப்பதில்லை. அவள் வக்கீலை வரவழைத்துத் தன் சொத்துக்குத் தனிப் பத்திரம் எழுதச் சொல்கிறாள். அவளை மணக்கப்போகிறவன் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போடுகிறான். முத்தக் காட்சியைவிட இது எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

இந்த வகைக்கெல்லாம் மூத்தது, 1817 இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’. நாயகி ஆனுக்கு வயது 27. எட்டு வருடங்களுக்கு முன் பிறர் பேச்சைக் கேட்டுத் தான் மறுத்த வென்ட்வொர்த்தை மறுபடி சந்திக்கிறாள். அடிபட்டுப் படுத்திருக்கும் சிறுவனருகே அவள் மண்டியிட்டிருக்க, அவனுடைய இரண்டு வயதுத் தம்பி அவள் முதுகில் தொற்றிக்கொண்டு இறங்க மறுக்கிறான். வென்ட்வொர்த் ஒன்றும் பேசாமல் வந்து, கழுத்தைச் சுற்றிய அந்தச் சின்னக் கைகளை விடுவித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறான். நன்றி சொல்லவும் அவளுக்கு நா எழவில்லை. எத்தனை முறை வாசித்தாலும் இந்தப் பக்கம் எனக்கு அலுப்பதில்லை.

குறைகளும் உண்டு. சில நாவல்களில் முப்பத்தைந்து என்பது வெறும் எண்தான்; ஒரு கேள்வியில் தீரக்கூடிய சந்தேகத்தை வைத்துக்கொண்டு நாயகி பத்து அத்தியாயம் அழுகிறாள். இருபத்திரண்டிலேயே ‘கிழடாகிவிட்டாள்’ என்று ஊர் பேசுவதாக எழுதுவதும் எரிச்சலூட்டும். அக்கால இங்கிலாந்தில் சாதாரணப் பெண்கள் பலர் இருபதுகளின் நடுவில்தான் மணமுடித்தார்கள். இன்னொன்று, இறந்த கணவன் எப்போதும் கொடியவனாகவே இருப்பது. புதியவனை நல்லவனாகக் காட்ட இது சுலபமான வழி. முதல் கணவனை உண்மையாக நேசித்தவள், அந்த நினைவைத் துறக்காமலே இன்னொருவனை ஏற்கும் கதைதான் எழுதக் கடினமானது. அப்படி ஒன்று கிடைத்தால், அந்த எழுத்தாளரின் மற்ற நாவல்களையும் உடனே தேட ஆரம்பித்துவிடுவேன்.